அமைதி என்னும் பொத்தான்

அமைதி என்னும் பொத்தான் வெளிர்பச்சை நிறத்தில் முன்னரே ஒளிர்ந்துகொண்டிருந்தது. விமலேஸ்வரி செய்ய வேண்டியதெல்லாம் விரலைச் சற்றே தாழ்த்துவதுதான். தாழ்த்திவிட்டால் திரையில் நிற்கும் அந்தச் சீனப் பதிவு மறைந்து வேறொன்று வரும். அதில் எவளோ ஒருத்தி தன் பூனையைப் பற்றியோ, மாமியாரைப் பற்றியோ, மழையில் நனைந்த புதுக் காலணியைப் பற்றியோ எழுதியிருப்பாள். அதற்கும் மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், அமைதி என்னும் ஐந்தில் ஒன்றைச் சூட்டி அனுப்பிவிடலாம். மனிதனுக்கு ஐந்து உணர்ச்சிகளே போதும் என்று எங்கோ ஒரு தொலைதூர நகரத்தில் யாரோ கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். கோலாலம்பூரின் இந்த உயர்ந்த கட்டடத்தில், குளிரூட்டியின் கீழே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக அமர்ந்திருப்பவர்களின் வேலை, சீன மொழியில் எழுதுவோர் இணையத்தில் கொட்டிவிட்டுப் போகும் சிரிப்பையும் அழுகையையும் பிரித்துப் பிரித்து இயந்திரத்துக்குக் கற்பிப்பது. அவர்களுள் தமிழச்சி அவள் ஒருத்தியே. சீனப் பள்ளியில் படித்தவள் என்பதால் கிடைத்த வேலை. முதல் நாளன்றே கற்பிக்கப்பட்ட முதல் விதி, மறுப்புச் சொல் முன்னே நின்றால் குறியைத் திருப்பிப் போடு என்பது. ‘மகிழ்ச்சி இல்லை’ என்றிருந்தால் துயரம். ‘துயரம் இல்லை’ என்றிருந்தால் அமைதி. சட்டையைத் திருப்பிப் போடுவது போல அத்தனை எளிது என்றார்கள். திருப்பிப் போட்ட சட்டையில் தையல் வெளியே தெரியுமே என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது. புதிதாகச் சேர்ந்தவள் வாய் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டாள். இன்றைக்கு, மதிய உணவு முடிந்து வயிறு கனத்து, கண்ணிமை தாழும் இந்த வேளையில், அந்தத் தையல்தான் கண்ணை உறுத்திக்கொண்டு நிற்கிறது.

திரையில் இருந்தது இவ்வளவுதான்: வேலைக்குப் போகாத நாள்கள் மோசமில்லை. தூக்கம் வராததும் புதிதில்லை. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லக் கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் அம்மா சொல்வார். ஆகையால் கவலை ஒன்றும் இல்லை. நான் நிறைந்திருக்கிறேன். எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வழக்கம்போல் ஒரு சாம்பல் நிறப் பட்டை. வரியின் முடிவில் சின்னதாய் ஒரு சிரித்த முகம். அந்த முகத்தைச் சீன இளைஞர்கள் சிரிப்பதற்குப் பயன்படுத்துவதில்லை, உதட்டை மட்டும் இழுத்துக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கே பயன்படுத்துகிறார்கள் என்பதை இயந்திரம் இன்னும் கற்கவில்லை. இயந்திரம் மோசத்தைத் திருப்பிப் போட்டது, கவலையைத் திருப்பிப் போட்டது, நிறைவைக் கண்டு மகிழ்ந்தது, பச்சை விளக்கை ஏற்றிவிட்டது. விமலேஸ்வரியும் முதல் முறை படித்தபோது விரலைத் தாழ்த்தத்தான் போனாள். அரிசி என்ற எழுத்தில் கண் இடறியது. திரும்பப் படித்தாள். பிறகு படிக்கவே இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள், கூட்டத்தில் முதுகு காட்டி நிற்கும் ஒருவனின் கழுத்தைப் பார்த்து இன்னான் என்று சொல்லத் தயங்குபவளைப் போல. குவாங் என்னும் சிற்றூரில், லாரிப் பட்டறைக்குப் பின்னாலிருந்த அந்த வாடகை வீட்டில், அம்மா அரிசி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். மூடியின் சத்தத்திலேயே தெரிந்துவிடும். “ஏங்க, அரிசி நெறஞ்சிருக்கு” என்பாள், அடுப்பைப் பார்த்தபடி. அப்பா எதுவும் கேட்க மாட்டார். எவ்வளவு என்று கேட்க மாட்டார், நேற்றுத்தானே வாங்கினோம் என்று சொல்ல மாட்டார், கையில் காசு இருக்கிறதா என்பதையும் முகத்தில் காட்ட மாட்டார். ஆணியில் தொங்கும் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவ்வளவுதான் அந்த வீட்டில் பஞ்சத்தைப் பற்றி நடந்த பேச்செல்லாம்.

தம்பி குணாளனாகத்தான் இருக்க வேண்டும். இல்லை, குணாளனாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்நாட்டில் சீனப் பள்ளிக்குப் போன தமிழ்ப் பிள்ளைகள் என்ன, அவளும் தம்பியும் மட்டுமா? எத்தனை ஆயிரம் பேர். அவர்கள் வீட்டிலெல்லாம் அம்மாக்கள் அரிசியை நிறைய வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அதுவும் போகட்டும், எழுதியவர் தமிழராகத்தான் இருக்க வேண்டுமா? சீனப் பெருநாளுக்குச் சீனர் வீட்டு அரிசிப் பானைகளில் சிவப்புத் தாள் ஒட்டுவார்கள், ‘என்றும் நிறைந்திருக்க’ என்று பொன்னெழுத்தில். அப்பாவின் முதலாளி ஓர் ஆண்டு அப்படியொரு தாளை ஆரஞ்சுப் பழத்தோடு கொடுத்தனுப்பினார். என்னவென்று தெரியாமலே, சிவப்பு மங்கலம்தானே என்று அம்மா அதை வீட்டு அரிசி டின்னில் ஒட்டிவிட்டாள். முதல் வகுப்புச் சிறுவன் குணாளன், எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த புதிது, டின்னுக்கு முன்னால் குந்தியிருந்து படித்தான். “அம்மா, இதுல எப்பவும் நெறஞ்சிருக்குன்னு எழுதியிருக்கு!” அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதத்தானடா நானும் தெனம் சொல்றேன், இதுக்குப் போய் பீஸ் கட்டிப் படிக்கிறியா?” அந்தப் பையன் எழுதினால் இப்படித்தான் எழுதுவான். சீனர் எழுதினால் அது வாழ்த்து. தீர்ந்துபோனதற்கு நிறைந்தது என்று பெயர் வைக்கும் துணிவு அந்தச் சிவப்புத் தாளுக்குக் கிடையாது. அப்படியானால் அவன்தான். ஆனால் குணாளன் வேலைக்குப் போகிறான். ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு, மோட்டார் சைக்கிளில், விடியும் முன். போன ஞாயிறுகூடச் சொன்னானே. என்ன சொன்னான்? “வேல எப்படிடா?” “அதுக்கென்னக்கா, ஒரு கொறையும் இல்ல.” ஒரு குறையும் இல்லை. திருப்பிப் போடு. அமைதி.

“ஜியே, தூங்கிட்டீங்களா?” என்று பக்கத்து இருக்கையிலிருந்து சியூ ஃபோங் சீனத்தில் கேட்டாள். குழுவுக்குத் தலைவி அவள்தான். விமலேஸ்வரியைவிட மிக இளையவள். அக்கா என்ற பொருளில் ஜியே என்றழைப்பாள், திட்டும்போதும் அப்படியே அழைப்பாள். “ஒரே பதிவுலயே ஒக்காந்திருக்கீங்க. டீ பிரேக்குக்கு முன்னால தொகுப்பு போயாகணும்லா.”

“ஒன்னு கேக்கட்டா? ஒருத்தன் ‘எனக்குக் கவல இல்ல’ன்னு எழுதினா, அவனுக்குக் கவல இல்லன்னு அர்த்தமா?”

சியூ ஃபோங் வாயிலிருந்த கடலையை மென்று முடித்தாள். “என் பாய்ஃப்ரெண்டு ‘எனக்குக் கோவம் இல்ல’ன்னு சொன்னா, நான் உடனே ஹெல்மெட்ட எடுத்து மாட்டிக்குவேன். ஆனா என்ன பண்றது, மெஷினுக்கு பாய்ஃப்ரெண்டு இல்லையே.”

“அப்ப நீயே ஒத்துக்கிற.”

“நான் ஒத்துக்கிட்டா யார் கேக்குறா? ஒரு பதிவ மூணு பேரு பாக்குறோம். மத்த ரெண்டு பேரும் அமைதின்னு போட்டுட்டா நீங்க மட்டும் ஒத்தையா நின்னு என்ன செய்வீங்க? போன மாசமே உங்க மார்க் கொறைஞ்சிருச்சி. மேல கேட்டா நான் என்ன சொல்லட்டும், எங்க ஜியேவுக்கு மனசு பெருசுன்னா?” என்று சொல்லிவிட்டு, சொன்னது கொஞ்சம் அதிகமோ என்று நினைத்தவளாய், கடலைப் பொட்டலத்தை இவள் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுங்க. மோசமில்ல.”

மோசமில்லை. அதுவும் ஒரு மறுப்புத்தானே. அந்தக் கடலை மிக நன்றாக இருந்தது. அதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். சீனர் வீட்டில் மிக உயர்ந்த பாராட்டு ‘மோசமில்லை’ என்பதுதான். பள்ளியில் விமலேஸ்வரி எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தபோது வகுப்பாசிரியை அவள் தோளில் விரல் நுனியை வைத்து ‘மோசமில்லை’ என்றார். அந்தச் சொல்லை வீடு வரைக்கும் அப்படியே கெடாமல் கொண்டுவந்தாள். அன்பை உரக்கச் சொன்னால் எதுவோ ஒன்று அதைக் கேட்டுக்கொண்டு வந்து தூக்கிப் போய்விடும் என்பது போல, ஒரு ‘இல்லை’யை முன்னால் நிறுத்தி அதன் நிழலில் நடத்திக் கூட்டிப்போகிறார்கள். தாய்மார் எழுதும் பதிவுகளைப் பார்க்கிறாளே: என் மகள் அழகற்றவள் அல்லள். என் மகன் அவ்வளவொன்றும் முட்டாளில்லை. அவற்றுக்கெல்லாம் இயந்திரம் அமைதி என்று போடும். ஒருத்தி பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பதற்குப் பெயர் அமைதி. துயரத்துக்கும் அதே நிழல், அதே அமைதி. மகிழ்ச்சி மறுப்போடு வந்தாலும் பாதியாகிறது, வலி மறுப்போடு வந்தாலும் பாதியாகிறது. அந்த மற்றப் பாதி எங்கே போகிறது? போகாது. எழுதியவரிடமே தங்கிவிடுகிறது. ‘களைப்பு இல்லை’ என்று ஒருவன் எழுத வேண்டுமானால் களைப்பு என்ற சொல்லை அவன் முதலில் எடுக்க வேண்டும், உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும், அதன்பின்தான் இல்லையைச் சேர்க்க முடியும். உண்மையிலேயே களைக்காதவன் அந்தச் சொல் இருக்கும் பக்கமே போக மாட்டான். அவன் தன் பூனையைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பான். சீனத்தில் ‘இல்லை’ என்பதற்கு ‘மெய்’ என்கிறார்கள் என்று குணாளன் பள்ளியிலிருந்து வந்து சொன்ன அன்றைக்கு அப்பா லாரிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார். “அப்ப நம்ம மெய்யெல்லாம் அவனுக்கு இல்லையாடா?” அம்மாவுக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை, அந்தச் சொல்லும் பிடிக்கவில்லை. வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு என்றாள்.

குளிரூட்டி இன்னும் குளிர்ந்தது. விரல் நுனி மரத்துவிட்டதால் கையைக் கம்பளிச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டாள், கை தெரியாமல் சட்டை மட்டும் மேசைமேல் கிடந்தது. கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு வந்தானே குணாளன் ஒரு நாள், அதுவும் வெயிலில். மூன்றாம் வகுப்பு. படிக்கட்டில் யாரோ தள்ளிவிட்டார்கள். தள்ளியவன் பெயரைக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. ஆசிரியர் ஓடிவந்து வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கவில்லை என்றான். அந்த வகுப்பில் கறுப்பாக இருந்தவன் அவன் ஒருவன்தான். வலிக்கிறது என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் விமலேஸ்வரி கேட்டுக்கொண்டே வந்தாள், முதலில் சீனத்தில், பிறகு தமிழில். இரண்டு மொழியிலும் அவன் இல்லை என்றான். புத்தகப் பையைத் தான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றான். வீட்டில் அம்மா தட்டு வைத்துச் சோறு போட்டாள், கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள், அவன் இடக் கையால் பிசைந்து உருட்டி வாயில் போட்டான். அம்மா பளீரென்று அந்தக் கையில் ஒன்று வைத்தாள். “எந்தக் கையால சாப்பிடற? அறிவில்ல?” அவன் அழவில்லை. வலக் கையைத் தூக்கித் தட்டில் வைக்கப் போனான், அது வரவில்லை. மணிக்கட்டு வீங்கிப் பலாக்கொட்டை போல் மினுங்கியது. அம்மா பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் விமலேஸ்வரிக்குச் சோறு இறங்காது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டவர், இவ்வளவு நேரம் எப்படியம்மா பொறுத்தான், எலும்பு பிரிந்திருக்கிறதே என்று கேட்டார். அம்மாவின் தோளில் சாய்ந்தபடி, மயக்கத்திலேயே, வலிக்கல டாக்டர் என்றான் குணாளன். அவனுடைய வாய்ச்சொல்லைக் கேட்டு அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரிந்துவிடவில்லை. இடக் கைதான் சொன்னது. இப்போது இருநூறு மைலுக்கு அப்பால், ஜொகூரில், பிரிந்துபோன மனைவியின் துணி இல்லாத அலமாரியோடு ஒரு வாடகை அடுக்ககத்தில் இருக்கிறான். அவன் எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்பதைத் தொலைபேசி காட்டுமா?

தொலைபேசியில் தமிழ்தான் பேசுகிறார்கள். சிறு வயதில் அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் பேசுவதற்கென்றே இருவரும் சீனத்தை வைத்திருந்தார்கள்; பாகற்காயைத் திட்டுவதற்கு, அப்பாவின் கைலியைக் கிண்டல் செய்வதற்கு. “என்ன அங்க சீனத்துல குசுகுசுன்னு?” என்பாள் அம்மா. “ஒன்னும் இல்லம்மா” என்பார்கள் இருவரும் ஒரே குரலில். அப்பாவும் அம்மாவும் போய், ஒளித்துவைக்க யாருமில்லாத நாள் வந்தவுடன் அந்த மொழியும் இருவருக்கிடையே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் மிஞ்சியது. சாப்ட்டியா, சாப்ட்டேன், ஒடம்பு, ஒன்னும் இல்ல, வேற, வேற ஒன்னும் இல்ல. அவளும் அப்படித்தானே சொல்கிறாள். கலியாண வீடுகளில் பெரியம்மாக்கள் சூழ்ந்துகொண்டு, இன்னும் இல்லையா என்று கேட்டால் இல்லை என்கிறாள், கவலையாக இல்லையா என்றால் இல்லை என்கிறாள்; அவளைப் பற்றி மற்றவர் சொல்லும் எல்லாம் இல்லையில்தான் முடிகின்றன, கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, சொந்த வீடு இல்லை; அத்தனை இல்லைகளுக்கு நடுவே அவள் காலையில் எழுகிறாள், பல் துலக்குகிறாள், மின்ரயிலில் இடம் கிடைத்தால் மகிழ்கிறாள், இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு பதிவு எழுதினால் இயந்திரம் என்ன போடும்? அவனுக்குப் போடுவதைத்தான். இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குப் பயமாக இருந்தது. பதிவைப் பற்றிய பயமில்லை. இத்தனை ஆண்டுகளாகத் தம்பியின் இல்லைகளை எல்லாம் அவளே ஒவ்வொரு ஞாயிறும் திருப்பிப் போட்டு, பச்சை விளக்கேற்றி, தொலைபேசியை வைத்துவிட்டுச் சட்டினி அரைக்கப் போயிருக்கிறாள். அதற்கு யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

ஒருவேளை அவனாக இருந்து, அவள் படித்தது அவனுக்குத் தெரிந்துவிட்டால்? குடும்பத்தில் ஒருவர் கண்ணிலும் படாது என்று நம்பித்தானே சீனத்தில் எழுதுகிறான்; மிஞ்சியிருக்கும் குடும்பமே அவள்தான், அவளுக்கோ சீனம் தெரியும். தெரிந்தும் அங்கே எழுதுகிறான் என்றால், ஒளிப்பதற்கா, கண்டுபிடிக்கட்டும் என்பதற்கா? கோடிக்கணக்கானவர் பேசும் சந்தையில் ஒருவன் முணுமுணுத்தது அவள் மேசைக்கு வந்து சேரும் என்று அவன் எப்படி எண்ணியிருக்க முடியும்? எண்ணியிருக்க மாட்டான். எண்ணாமலே எழுதியிருப்பான், டின்னுக்கு முன்னால் குந்தியிருந்து படித்ததுபோல. எழுதுவோரைத் தேடக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது, இங்கே படித்ததை வெளியே பேசக் கூடாது என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதற்காகவே கைப்பேசிகளை எல்லாம் வாசலில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வருகிறார்கள். சொல்ல மாட்டாள். பதிவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டாள். அவனிடமிருந்து அந்த இடத்தைப் பறித்துவிட்டால் பிறகு அவன் நிறைந்திருக்கிறேன் என்றுகூடச் சொல்ல எங்கே போவான்? அவன் இல்லாமல் வேறு யாராவது என்றால்? அந்த வேறு யாரோவின் அக்கா எந்தக் கட்டடத்தில் எந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறாளோ. இந்த இடத்தில் எண்ணம் சிக்கி நின்றது. நெசவில் முடிச்சு விழுந்தது போல முன்னும் போகாமல் பின்னும் போகாமல் அங்கேயே இழுபட்டது. குவாங் வீட்டில் இப்படி யோசித்தவர் யாருமில்லையே என்று தோன்றியது அப்போதுதான். அம்மா சொன்னதன் பொருளென்ன என்று அப்பா ஆராய்ந்தாரா? பையை எடுத்தார். அந்தச் சொல்லுக்கு விளக்கம் சொல்லவும் அந்த வீட்டில் யாரும் முயன்றதில்லை, அதை நம்பாமலும் இருந்ததில்லை. கேட்டவர் எழுந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் வழக்கம். எத்தனை அழகாக மறந்திருக்கிறாள்: சொல்வதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, எழுவதை மறந்துவிட்டாள்.

விரலை எடுத்து, பச்சையைத் தாண்டி, துயரம் என்னும் பொத்தானை அழுத்தினாள். உங்கள் தேர்வு மற்ற இருவரின் தேர்வுக்கு மாறாக உள்ளது, உறுதியா என்று திரை கேட்டது. அப்படியானால் அவர்கள் இருவரும் அமைதி என்று போட்டுவிட்டார்கள். நல்ல பிள்ளைகள், விதிப்படி நடப்பவர்கள். உறுதி என்பதை அழுத்தினாள். தொகுப்பில் இன்னும் கொஞ்சம் பதிவுகள் மீதியிருக்க, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். முழங்கால் முனகியது. சியூ ஃபோங் காதொலிப்பானில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. வாசலில் இரும்புப் பெட்டியின் சாவி ஒரு முறை தவறி விழுந்தது; குனிந்து எடுத்தாள்; கைப்பேசி பிணத்தைப் போல் சில்லிட்டிருந்தது, அந்த உவமை வந்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டு அதைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். படிக்கட்டுப் பக்கம் வெயில் விழும் கண்ணாடி ஓரத்துக்குப் போய் நின்றாள். குணாளனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று உடம்பு முழுவதும் சொல்லத் தொடங்கியபோது எடுத்தான்.

“அக்கா? என்ன இந்த நேரத்துல? உனக்கு வேல இல்லையா?”

“இருக்கு. டீ குடிக்க வந்தேன்.”

“ஓ. நானும் வேலையிலதான் இருக்கேன். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, சட்டுன்னு சொல்லு.”

அவன் குரலுக்குப் பின்னால் மெஷின் எதுவும் ஓடவில்லை. ஒலிபெருக்கி வைத்த வேன் ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி என்று பதிவு செய்த குரல் மலாயில் இழுத்து இழுத்துக் கூவியது. குடியிருப்புத் தெருக்களில், ஆளற்ற பகல் வேளையில் வரும் வேன் அது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அது போவதில்லை. விமலேஸ்வரி அதைச் சொல்லவில்லை. எங்கேடா இருக்கிறாய் என்றால் அவனிடம் ஒரு பதில் இருக்கும். நன்றாக இருக்கிறாயா என்றால் அதற்கும் இருக்கும். அவனிடம் இல்லாதது பதில் அல்ல.

“குணா, வீட்டுல அரிசி இருக்கா?”

“என்னக்கா கேள்வி இது?” என்று சிரித்தான். நல்ல சிரிப்பு, பள்ளிக்கூடத்துச் சிரிப்பு. “அரிசி வெல கேக்கவா ஆபீஸ்லேருந்து போன் அடிச்ச? வயசாயிருச்சி உனக்கு.”

“ஆயிருச்சி. கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

வேன் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது; பழைய பேட்டரி, பழைய இரும்பு. குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் கேட்டது, அல்லது அவன் மூச்சு. நாற்காலி ஒன்று தரையில் உரசியது. விமலேஸ்வரி ஒரு சொல்லையும் இடையே போடவில்லை. போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறி வெளியே வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குக் கீழே, சாலையில், சின்னச் சின்னக் கார்கள் பச்சை விளக்குக்குக் காத்திருந்தன.

“நெறஞ்சிருக்குக்கா” என்றான் குணாளன்.

தமிழில், அம்மாவின் இழுப்போடு, அடுப்பைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னான். அந்தப் பதிவு அவனுடையதுதானா என்பது அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே அரிசி தீர்ந்திருக்கலாம். பழக்கத்தில் வந்திருக்கலாம். அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. “சரி, வெய்யி” என்றாள். “அக்கா, ஒன்னும் இல்லக்கா, நீ பாட்டுக்கு எதையாவது…” என்று அவன் தொடங்கியது காதில் விழுந்தது. அதற்குள் விரல் தாழ்ந்துவிட்டது.

கீழ்த்தளத்தில் ஒரு மளிகைக் கடை உண்டு, கட்டடத்தில் வேலை செய்வோருக்கென்று. ஐந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக் கல்லாவுக்குக் கொண்டுவந்தாள். தெற்கே போகும் பஸ்ஸுக்கு நிலையத்தில் எப்போதும் சீட்டு கிடைக்கும். இப்போது ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கதவைத் திறந்ததும் அவனை எதுவும் கேட்கக் கூடாது, நேரே அடுப்படிக்குப் போய்ப் பானையைத் தேட வேண்டும், சோறு வெந்ததும் தட்டு வைத்து எதிரே உட்கார்ந்து, அவன் எந்தக் கையை நீட்டுகிறான் என்று பார்க்க வேண்டும். புத்தி அதற்குள் பஸ்ஸில் ஏறிப் பாதி வழி போய்விட்டது. பின்னால் செருப்புச் சத்தம். சியூ ஃபோங், ஐஸ் தேநீர் வாங்க வந்தவள், மூட்டையையும் விமலேஸ்வரியின் தோளில் தொங்கிய கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஜியே! தொகுப்பு பாதியில நிக்குது, நீங்க அரிசி மூட்டையத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?”

“ஜொகூருக்கு. தம்பி வீட்டுக்கு.”

“அவ்ளோ தூரம் இதத் தூக்கிக்கிட்டா?” சியூ ஃபோங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “ஏன், ஜொகூர்ல அரிசி இல்லையா?”

விமலேஸ்வரி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது ஒரு பக்கம் சரிந்து, உடம்போடு ஒட்டி, இடம் கண்டுபிடித்து அமர்ந்தது.

“இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.